குளத்திலிருந்து சுவர் வரை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நானும் சிட்டுவும் ஏதோ இருக்கிறோம். புத்த மடத்து மலைக்குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? கம்பளி போட்டுக்கொள்கிறாயா, இல்லை அதுவும் ஓர் ஆசைதான் என்று விட்டுவிட்டாயா?

இருமல் நிற்கவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். சமையலறை மேடைக்குக் கல் அறுத்துப் பதிக்கிற வேலை என்றேன். "தண்ணி ஊத்தி அறுப்பீங்களா, காய்ஞ்ச கல்லா அறுப்பீங்களா?" என்றார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆட்கள் குடியிருக்கிற வீட்டில் தண்ணீர் ஊற்றி அறுத்தால் கூடம் வரை சேறாகும், வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு ஓட்டை போடுவதெல்லாம் காய்ந்த கல்லில்தான். மாவு மில்லில் விழுந்து எழுந்தவன் மாதிரி வீட்டுக்கு வருவேன், நீயே பார்த்துச் சிரித்திருக்கிறாய். அந்த மாவு உள்ளேயும் போய் இறுகிவிட்டதாம். இனி இளகாதாம். கொடுத்திருக்கும் மருந்து இருமலுக்குத்தான், இறுகியதற்கு ஒன்றும் இல்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

வேலையை நிறுத்தியாயிற்று. சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருக்கிறது அக்கா. கட்டிய மனைவி, சிட்டுவிடம்கூடச் சொல்ல முடியவில்லை. அவளும் பயந்துவிட்டால் வீட்டில் தைரியமாக இருக்க வேறு ஆள் இல்லை. அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் தியானம் சொல்லிக்கொடுக்கிறாயே, எனக்கும் சொல்லிக்கொடு. கண்ணை மூடினால் தூக்கம்தானே வரும் என்று உன்னைக் கேலி செய்தவன்தான் கேட்கிறேன். உடம்பு சரியாக வேண்டாம், அது ஆகாது. பயம் போனால் போதும்.

உன் தம்பி

ஜனவரி 25

என் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். கம்பளி போட்டுக்கொள்கிறேன், இரண்டாகவே. நீ எழுதியதைப் படித்துவிட்டு அலுவலக அறையைத் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன். இத்தனை வருடம் புத்தர் சந்நிதியில் உட்கார்ந்தவளுக்கு அழுகை வரலாமா என்று கேட்காதே, வந்தது. இங்கே கைபேசி வைத்துக்கொள்ள முடியாது என்பது உனக்குத் தெரியும். தபால் பை வந்ததும் உன் கையெழுத்தைத்தான் முதலில் தேடுவேன்.

நான் சொல்வதை அப்படியே செய். காலையில் முகம் கழுவிவிட்டு, தலையணையை மடித்துப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார். முதுகு நேராக இருக்கட்டும். கண்ணை மூடிக்கொள். மூக்கு நுனியில் மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனி. இழுக்காதே, அடக்காதே, உள்ளபடி பார். மனம் ஓடினால் திட்டாமல் கூட்டிக்கொண்டு வந்து மறுபடியும் மூச்சில் உட்கார வை. முதலில் சிரமமாகத்தான் இருக்கும், விட்டுவிடாதே. பயத்தை விரட்டப் பார்க்காதே. மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் பயம் தானாக எழுந்து போகும்.

சிட்டுவுக்கு என் அன்பு. தையலில் ராப்பகலாகக் குனிந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கம்பளிகள் நலமா? இங்கே சிட்டு நலம்.

நீ சொன்னபடி உட்கார்ந்தேன். கோபித்துக்கொள்ளாதே, அது எனக்கு ஆகவில்லை. மூச்சைப் பார், மூச்சைப் பார் என்கிறாய். எனக்குக் கெட்டுப்போனதே அதுதானே அக்கா! சாதாரணமாக இருக்கும்போது ஏதோ இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கண்ணை மூடிக் கவனித்தால், உள்ளே போவது பாதியில் முட்டி நிற்பது தெரிகிறது. அடுத்தது வருமா என்று காத்துக்கொண்டிருக்கிறேன். வந்ததும் அதற்கு அடுத்தது வருமா என்று காத்துக்கொண்டிருக்கிறேன். வேர்த்துக் கொட்டுகிறது. சிட்டு வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு நீங்க கல்லே அறுத்திருக்கலாம்" என்று தலையணையைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

இன்னொன்று எழுத வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், தண்ணீர் இறைக்கிற நிலையத்துக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. அன்றைக்கு மேடேறும்போது இரைத்தது, கரையில் உட்கார்ந்தேன். காற்று தூரத்தில் வரும்போதே தண்ணீரில் தெரிகிறது அக்கா. ஓரிடம் கறுத்துச் சிலிர்க்கிறது, அது நகர்ந்து நகர்ந்து வந்து நம் முகத்தில் படுகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தபோதுதான் அதுவரை என்னைப் பற்றி நினைக்கவே இல்லை என்று தெரிந்தது. இது கணக்கில் சேருமா? இல்லை, சோம்பேறித்தனமா? நீதான் சொல்ல வேண்டும்.

உன் தம்பி

மார்ச் 6

என் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே குளிர் குறைந்துவிட்டது, மூட்டுதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சிட்டு எப்படி இருக்கிறாள்?

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது, மறைப்பானேன்? உனக்கு மூச்சைச் சொல்லிக்கொடுத்தேனே, அடுப்பில் கை சுட்டவனைக் கூப்பிட்டு நெருப்பைப் பார் என்றதுபோல ஆகிவிட்டது. ஆனாலும், உட்காராமல் எப்படி என்ற பிடிவாதமும் என்னை விடவில்லை. தலைமை பிக்குவிடம் கேட்டேன். அவர் உடனே சொல்லிவிட்டார்: "மூச்சுல என்னம்மா இருக்கு? ஏதோ ஒண்ணை உள்ளபடி பாக்கறதுக்குத்தான் அது. அவருக்குத் தண்ணி கிடைச்சிருக்கு. தண்ணியைப் பாக்கட்டும்." நான் வருடக்கணக்கில் முட்டி தேய உட்கார்ந்து பிடித்ததை நீ குளத்தங்கரையில் காற்று வாங்கிக்கொண்டே பிடிக்கப் பார்க்கிறாய். கொடுத்துவைத்தவன்!

ஒன்று மட்டும் கவனத்தில் வைத்துக்கொள். அழகாக இருக்கிறது என்று ரசிக்கப் போகாதே, ரசிப்பு சீக்கிரம் சலித்துவிடும். அங்கே இருப்பதைப் பார், அவ்வளவுதான். பயம் வந்தால், வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு மறுபடியும் தண்ணீருக்குத் திரும்பு. முடிந்தால் தினமும் போ.

அக்கா

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மூட்டு எப்படி? எனக்கு இருமல் உண்டு, ஆனால் கேட்பவர்களுக்கு நலம் என்றே சொல்கிறேன்.

தினமும் குளத்துக்குப் போகிறேன். வேலைக்குப் போகிறவன் மாதிரி சிட்டு தண்ணீர்ப் புட்டியும் துண்டும் எடுத்து வைக்கிறாள். "எந்தக் கம்பெனிக்குக் கெளம்பிட்டீங்க?" என்கிறாள். அங்கே ஒரு நீர்க்கோழி குஞ்சு பொரித்திருக்கிறது. கறுப்புப் பஞ்சு உருண்டைகள் தாய்க்குப் பின்னால் தண்ணீர்ச் செடி மேலேயே நடக்கின்றன. நாளுக்கு நாள் குஞ்சுகள் குறைகின்றன. பாம்போ, பருந்தோ தெரியாது. தாய் அதற்காக நின்று அழவில்லை, இருப்பவற்றைக் கூட்டிக்கொண்டு போகிறது. இதைப் பார்த்து எனக்குத் தத்துவம் ஒன்றும் தோன்றவில்லை. நீ ரசிக்காதே என்றாய், நான் கணக்குப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

குளம் மூச்சு விடுவதுபோல இருக்கிறது என்று எழுத வந்தேன். வேண்டாம், அந்த வார்த்தையே வேண்டாம்.

பயம் போகவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். மூச்சைப் பார்த்தபோது அது மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தண்ணீரைப் பார்க்கும்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தில் நான் இருந்துகொள்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அது மறுபடி ஒட்டிக்கொள்ளும், அது வேறு.

சிட்டு உன்னை விசாரித்தாள். நீங்களாவது இவரை ஒழுங்காக மருந்து சாப்பிடச் சொல்லுங்கள் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன் தம்பி

மே 9

என் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு. சிட்டு சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை இங்கே வந்திருக்கும் புதியவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். இடுப்பு எலும்பு முறிந்து சம்மணமிட முடியாத ஓர் அம்மா, தனக்கு இந்த ஜென்மத்தில் தியானம் கிடையாது என்று மூலையில் நாற்காலியில் இருந்தவர், "பயம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறது" என்ற இடத்தில் அழுதுவிட்டார். மறுநாள் அவரைத் தோட்டத்தில் விட்டோம். மூங்கிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உனக்கு இங்கே பெயர் வைத்துவிட்டார்கள், குளத்துக்காரர் என்று. "குளத்துக்காரர் கடிதம் வந்ததா?" என்று சமையல்காரர்கூடக் கேட்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசும் வாங்காதவன், மடத்தில் பேர் வாங்கிவிட்டாய்.

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இப்போதெல்லாம் இரவில் தூங்குகிறேன். குஞ்சுகளைப் பற்றி எழுது. தாமதிக்காதே.

அக்கா

ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்டாதே. உடம்பு சௌகரியமா? இங்கே மழை தொடங்கிவிட்டது.

குளத்துக்கு இப்போது போவதில்லை. அங்கே கூட்டம் அதிகம். நடைப்பயிற்சிக்காரர்கள் ஊர்வம்பு பேசிக்கொண்டே சுற்றுகிறார்கள். குஞ்சுகள் பற்றிக் கேட்டிருந்தாய், எனக்குத் தெரியவில்லை.

தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது, நீ வந்திருந்தபோது அதன் கீழேதான் ஆட்டோ பிடித்தோம். இப்போது அதைத்தான் பார்க்கிறேன். சிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவாள், நான் பின்னால் போவேன். நடுவில் மளிகைக்கடை வாசலில் நின்று கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேசுவேன், பிறகு போவேன். அவருக்கு என்மேல் திடீரென்று ஏன் இவ்வளவு பாசம் என்று ஆச்சரியம்.

மரம் நல்ல மரம். மேகம் கறுத்தாலே இலையை மடித்துக்கொள்கிறது. உன் புதியவர்கள் மாதிரி, கண்ணை மூடச் சொன்னதும் தூங்குகிற சாதி. ஒரு கிளையில் இலைகள் மடிவது ஓரத்திலிருந்து தொடங்குவதைக் கண்டுபிடித்தேன். ஒரு மத்தியானம் முழுக்க அதுதான் வேலை.

நான் நன்றாக இருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் நாற்காலியில் வைத்து எழுதுவதால்தான்.

உன் தம்பி

ஜூலை 30

என் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கடிதத்துக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் உடம்பு நலம்தானே?

உனக்கே தெரியாமல் நீ எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்று சொல்லட்டுமா? தொடங்குகிறவர்கள் பெரிதாகப் பார்ப்பார்கள், வானம், மலை, கடல் என்று. மனம் பழகப் பழகத்தான் அது சிறியதில் நிற்கும். நீ குளத்தை விட்டு ஒரு மரத்துக்கு வந்திருக்கிறாய். மரத்தை விட்டு ஒரு கிளைக்கு வந்திருக்கிறாய். யாரும் சொல்லிக்கொடுக்காமலே! இதைத்தான் ஒருமுகப்படுவது என்கிறோம். கடிதத்தைக் கூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அடுத்து ஓர் இலையில் நில். ஒரே இலை. அது போதும் என்றாகிற நாள் வரும்.

இப்போது என் விஷயம். பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த மூன்று மாத மௌனம் எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் நுழைய வேண்டும். உள்ளே போனால் பேச்சில்லை, கடிதமில்லை. வருகிற தபால் அலுவலகப் பெட்டியில் பூட்டி இருக்கும், முடிந்த பிறகுதான் கைக்கு வரும். அந்தப் பூட்டு ஏற்பாடே நான் கொண்டுவந்ததுதான். முன்பெல்லாம் ஆட்கள் கடிதம் படித்துவிட்டுப் பாதியில் எழுந்து ஓடினார்கள்.

உன் நிலையை நினைத்தால் மனம் இழுக்கிறது. நீ வேண்டாம் என்றால் நான் போகவில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. உண்மையைச் சொல் தம்பி, போகட்டுமா?

அக்கா

ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

போய் வா. என்னால் உன் மௌனம் நின்றது என்ற பேர் எனக்கு வேண்டாம்.

நீ சொன்னபடியே ஆகிவிட்டது. மரத்தையும் விட்டுவிட்டேன். ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். அதில் ஒரு விரிசல், விரிசலில் ஒரு செடி. அரசங்கன்று என்று ஆசைப்படாதே, வெறும் களை, பேர் தெரியாது. நாலைந்து இலை. அதைப் பார்க்கிறேன். மழை பெய்தால் ஆடுகிறது.

பெரிதாக எழுத இல்லை. கூடத்தில் எல்லோருக்கும் குளத்துக்காரர் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

அக்டோபர் 3

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி சிட்டு எழுதுவது. உடம்பு நலமா என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்ல முடியாது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

இந்தக் கடிதம் பெட்டிக்குள்தான் போகும் என்கிறார் இவர். போகட்டும். எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

அண்ணி, குளத்தில் கூட்டமெல்லாம் ஒன்றும் இல்லை. மேட்டில் ஏற இவரால் முடியவில்லை. ஜூன் மாதம் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார், ஒரு தள்ளுவண்டிக்காரர்தான் வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார். மளிகைக்கடையில் நின்றது பேசுவதற்கு இல்லை, இரைப்பு அடங்குவதற்கு. அப்புறம் தெருமுனைக்கும் முடியவில்லை. இப்போது கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். மூக்கில் குழாய், கீழே காற்று மிஷின். அது ஒரு பக்கம் உறுமுகிறது, என் தையல் மிஷின் ஒரு பக்கம்.

நீங்கள் ஒருமுகப்படுவது என்று எழுதினீர்கள். அதை இவர் எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தார். "பாத்தியா சிட்டு, நடக்க முடியாம போனதுக்கு எனக்குப் பட்டம் குடுத்துட்டா எங்கக்கா" என்றார். சிரித்ததில் இருமல் வந்து நகம் நீலமாகிவிட்டது. எனக்கு உங்கள் மேல் அவ்வளவு கோபம். உண்மையை எழுதுங்கள் என்றேன். "அவ நிம்மதியா இருக்கா. அதைக் கெடுத்து எனக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். போகட்டுமா என்று நீங்கள் கேட்ட கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் இருந்தார். வேண்டாம் என்று எழுதப் பேனாவை எடுத்ததையும் பார்த்தேன். பிறகு போய் வா என்று எழுதினார்.

போன வாரம் உங்கள் மடத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர், "மௌனத்துல இருக்காங்கம்மா. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் கூப்பிடுவோம். அப்படியா?" என்று கேட்டார். நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். கையை ஆட்டினார், இல்லையென்று சொல்லச் சொல்லி. இல்லை என்று வைத்துவிட்டேன். வைத்த கையை உடைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நாள் முழுக்க அந்தச் செடியையே பார்க்கிறார். எனக்கு அவர் முதுகுதான் தெரிகிறது. என்னோடு பேச மூச்சு இல்லை, சரி. பார்க்கவாவது செய்யலாம் அல்லவா? இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

உங்கள்
சிட்டு

டிசம்பர் 12

என் அன்பான சிட்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? வேறு எதையும் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

காரியங்கள் முடிந்து திரும்பி வந்துவிட்டேன். வந்திருந்தபோது உன்னிடம் பேச முடியவில்லை, வீடு நிறைய ஆட்கள். நீயும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது நியாயம்தான்.

நவம்பரில் நீ இரண்டாவது முறை போன் செய்த அன்று, அலுவலகத்தில் இருந்தவர் கூடத்துக்கே வந்து என் தோளைத் தொட்டார். தம்பி போய்விட்டான் என்ற சேதியையும் பெட்டியில் இருந்த உன் கடிதத்தையும் ஒன்றாகத்தான் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். அந்தப் பூட்டை நானே போட்டேன் சிட்டு. சாவியும் என் இடுப்பில்தான் தொங்கியது, மௌனத்துக்குப் போகும்போதுதான் கழற்றிக் கொடுத்தேன். அவன் கடிதங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லாமே அதில் இருக்கிறது. நாற்காலி இருக்கிறது, மளிகைக்கடை இருக்கிறது, கோணல் கையெழுத்து இருக்கிறது. குழந்தைக்குக்கூட விளங்கியிருக்கும். நான் அதில் தியானத்தைத்தான் பார்த்தேன்.

இங்கே புதிய ஆட்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் உட்கார்ந்து "மூச்சைக் கவனியுங்கள்" என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எழுந்து தோட்டத்துக்குப் போனேன். மரங்களைப் பார்த்தேன். மரங்கள் இருந்தன, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அலுவலக வேலை மட்டும் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன், பிடிக்காவிட்டால் பதில் எழுத வேண்டாம். பயம் போனால் போதும் என்றுதான் அவன் முதலில் கேட்டான். கடைசி நேரத்தில் அவனுக்கு அந்தச் செடி தெரிந்ததா? அதைப் பார்த்துக்கொண்டேதான் போனானா? பயம் கொஞ்சமாவது தள்ளி இருந்ததா? அது தெரிந்தால் நான் எப்படியாவது இருந்துகொள்வேன்.

அக்கா

டிசம்பர் 28

அண்ணிக்கு,

சிட்டு எழுதுவது. சாப்பிடுகிறேன். தூக்கம் வருவதில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் காற்று மிஷினை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த உறுமல் இல்லாமல் வீட்டில் இருக்க முடியவில்லை. உங்கள் மூட்டு எப்படி இருக்கிறது?

நீங்கள் கேட்டதற்கு நல்லபடியாக ஏதாவது எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதியும் பார்த்தேன். பிறகு கிழித்துப் போட்டேன். இவர் உங்களுக்கு நல்லபடியாக எழுதி எழுதித்தான் இப்படி ஆயிற்று.

அந்தச் செடி அப்போது இல்லை அண்ணி. அக்டோபர் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் ஆள் வைத்துச் சுவரைப் பூசிவிட்டார். மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறதாம். செடியைப் பிடுங்கியதை இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் போய்ச் சண்டை போடப் புறப்பட்டேன், வேண்டாம் என்றார். பூச்சு காய்ந்த பிறகு, "ஓரம் சரியா வரல, சிட்டு. சீக்கிரம் வெடிக்கும்" என்றார். அவர் கல் வேலை செய்தவர் அல்லவா, அதுதான் கண்ணில் பட்டது. அது வெடிக்கட்டும், அதிலிருந்து இன்னொரு செடி வரட்டும் என்று நானும் தினமும் பார்த்தேன். வரவில்லை. வெள்ளைச் சுவர்தான்.

கொஞ்ச நாள் அந்தச் சுவரையே பார்த்தார். அப்புறம் அதையும் விட்டுவிட்டார். பயம் தள்ளி இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். துணி தைக்க எழுந்தால் முந்தானையைப் பிடித்துக்கொள்வார். அதை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டாம், ஆனால் கேட்டுவிட்டீர்கள்.

அன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடச் சட்டைகள் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டுப் போய் மிஷினில் உட்கார்ந்தேன். நூல் அறுந்துகொண்டே இருந்தது. கோத்தால் அறுகிறது, கோத்தால் அறுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். வாய்விட்டுத் திட்டவும் செய்தேன், நூலைத்தான். பிறகு நிமிர்ந்தால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கவில்லை. தலையை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். அப்புறம்தான் எழுந்து ஓடினேன்.

எவ்வளவு நேரமாகப் பார்த்தாரோ தெரியாது. இத்தனை மாதம் என்னைப் பார்க்கமாட்டாரா என்று ஏங்கினேன் அண்ணி. அவர் கடைசியாகப் பார்த்தது, நூல் அறுந்த கோபத்தில் இருந்த என் முகத்தைத்தான்.

சிட்டு